ராத்திரி டூட்டியில் பிறந்த குறிப்பு

போன வருஷம் அப்பாவுக்கு ஒரு அறுவை சிகிச்சை. மூன்று ராத்திரி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி டூட்டிக்கு வந்த சிஸ்டருக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசுதான் இருக்கும். இரண்டு மணிக்கு பிபி பார்த்துவிட்டு, கேஸ் ஷீட்டில் நீளமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு எழுதணுமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"எழுதலைன்னா காலையில என்னைத்தான் சார் கேப்பாங்க. நான் சேர்ந்தே அஞ்சு மாசம்தான் ஆகுது" என்றார்.

நான் இருபது வருஷமாக சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். ராத்திரி சப்போர்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலையில் வருகிறவருக்கு என்ன எழுதி வைத்தோம் என்பதில்தான் பாதி மானம் இருக்கிறது. அந்தக் கேஸ் ஷீட்டை முதலில் எழுத ஆரம்பித்தது யார் என்று தேடப் போனேன். தேடல் 1873-ஆம் வருட நியூயார்க்கில் போய் நின்றது. அங்கேயும் ராத்திரி டூட்டி. அங்கேயும் படிப்பு முடித்து முதல் வருஷத்தில் இருந்த ஒரு நர்ஸ்.

அவர் பெயர் லிண்டா ரிச்சர்ட்ஸ். 1841-ல் பிறந்தவர். அம்மாவைக் காசநோயில் பறிகொடுத்தார். கட்டிக்கொள்ள இருந்தவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டு வந்து, 1869-ல் இறந்தார். இரண்டு பேரையும் படுக்கையில் கவனித்துக்கொண்டது இவர்தான். 1872-ல் பாஸ்டனில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனை ஒரு வருட நர்ஸ் பயிற்சியைத் தொடங்கியபோது முதல் ஆளாகச் சேர்ந்தார். மொத்தம் ஐந்தே மாணவிகள்.

அந்தப் பயிற்சியைப் பற்றி அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு எழ வேண்டும், ராத்திரி ஒன்பதுக்குத்தான் வார்டை விட்டு வெளியே வர முடியும். தூங்குவதும் வார்டுக்குப் பக்கத்து அறையில்தான். ஆளுக்கு ஆறு நோயாளிகள், ராத்திரி கூப்பிட்டாலும் எழுந்து போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு மத்தியானம் மட்டும் லீவு. பாடப்புத்தகம் கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது, கடைசியில் பரீட்சையும் கிடையாது. மருந்து பாட்டில்களில் பெயருக்குப் பதிலாக நம்பர் ஒட்டியிருப்பார்கள். எந்த மருந்தைக் கொடுக்கிறோம் என்பது நர்ஸுக்குத் தெரியக்கூடாது என்பதே அன்றைய நியாயம். கேள்வி கேட்காமல் சொன்னதைச் செய்கிற கைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

1873 அக்டோபரில் ரிச்சர்ட்ஸுக்கு டிப்ளமா கிடைத்தது. அமெரிக்காவின் முதல் பயிற்சி பெற்ற நர்ஸ் என்று அவரைச் சொல்வது இதனால்தான். நேராக நியூயார்க் பெல்வியூ மருத்துவமனைக்கு, இரவுக் கண்காணிப்பாளராகப் போனார். வயது 32.

பெல்வியூ ஏழைகளின் ஆஸ்பத்திரி. அதற்குச் சில காலம் முன்பு வரை, குடித்துவிட்டுத் தெருவில் பிடிபட்டுத் தண்டனை பெற்ற பெண்களைக்கூட அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள விட்டிருந்தார்கள். 1872-ல் ஒரு பெண்கள் குழு உள்ளே போய்ப் பார்த்து அதிர்ந்துபோனது. அதன் விளைவாக அடுத்த வருஷமே, லண்டனில் நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளியின் பாணியில் அங்கே ஒரு நர்ஸ் பள்ளி ஆரம்பமானது. அதன் தலைவி சிஸ்டர் ஹெலன் என்ற ஆங்கிலிகன் கன்னியாஸ்திரீ.

ராத்திரியில் காஸ் விளக்கை நோயாளியின் முகம்கூடச் சரியாகத் தெரியாத அளவுக்குத் தணித்துவிடுவார்கள். மெழுகுவத்திக்கும் கணக்கு. ராத்திரி நடந்ததைக் காலையில் வாய்வார்த்தையாகச் சொல்வதுதான் வழக்கம். தூக்கக் கலக்கத்தில், இத்தனை கட்டில்களின் கதையை ஒருவர் ஞாபகத்திலிருந்து சொன்னால் எவ்வளவு தேறும்? நாமே யோசித்துப் பார்க்கலாம். ரிச்சர்ட்ஸ் எழுத ஆரம்பித்தார். உடம்பு மோசமாக இருந்தவர்களைப் பற்றி, பகலில் வருகிறவர்களுக்கான குறிப்பு, அவ்வளவுதான். அதைப் பார்த்த டாக்டர்களுக்கு அதன் அருமை புரிந்தது. அது வழக்கமானது. நர்ஸ் எழுதும் நோயாளிக் குறிப்பின் ஆரம்பங்களில் ஒன்றாக வரலாற்று நூல்கள் இதைத்தான் குறிப்பிடுகின்றன.

மருந்தின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று பழக்கப்பட்டவர், வேலைக்குப் போன முதல் வருஷத்திலேயே டாக்டர் படிக்கும்படியான குறிப்பை எழுதுகிறார். என்னை நிறுத்தி வைத்த இடம் இதுதான். அங்கேயே பல வருஷம் இருந்தவர்களுக்கு இருட்டும் வாய்வார்த்தையும் பழகிப்போயிருந்தன. புதிதாக வந்தவருக்குத்தான் அது இடித்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் சாதாரணப் புது நர்ஸ் இல்லை. முதல் நாளிலேயே பொறுப்பு அவர் கையில் இருந்தது. மேலே காதுகொடுத்துக் கேட்க ஒரு சிஸ்டர் ஹெலன் இருந்தார். இந்த இரண்டும் இல்லாதவர்கள் என்ன ஆகிறார்கள்?

அதற்குப் பதில் சுமார் நூறு வருஷம் கழித்து வந்தது. 1974-ல் மார்லின் கிரேமர் என்ற அமெரிக்க நர்ஸிங் ஆய்வாளர் 'ரியாலிட்டி ஷாக்' என்று ஒரு புத்தகம் எழுதினார். நர்ஸ்கள் ஏன் இந்தத் தொழிலை விட்டுப் போகிறார்கள் என்பதுதான் அதன் கேள்வி. கல்லூரியில் நோயாளியை முழு மனுஷராகப் பார், நிதானமாகக் கவனி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். வார்டிலோ நேரத்துக்கு வேலையை முடித்தவருக்குத்தான் நல்ல பெயர். முதலில் தேனிலவு மாதிரி ஒரு காலம், பிறகு அதிர்ச்சி, பிறகு மெல்ல மீள்வது, கடைசியில் ஏதோ ஒரு முடிவுக்கு வருவது என்று நான்கு கட்டமாக கிரேமர் இதைப் பிரித்தார். அந்த முடிவு பலருக்கு ராஜினாமாவாக இருந்தது. சிலருக்கு, கல்லூரியில் படித்ததை மறந்துவிடுவதாக இருந்தது.

பத்து வருஷம் கழித்து, 1984-ல், பாட்ரீசியா பென்னர் இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டினார். புது நர்ஸ் 'தேறிவரும் ஆரம்ப நிலை'யில்தான் இருக்கிறார். ஒரே மாதிரி வேலையில் இரண்டு மூன்று வருஷம் இருந்தால்தான் திறமை கூடிவரும் என்றார். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட ட்ரைஃபஸ் சகோதரர்களின் மாதிரி, விமானிகளையும் செஸ் ஆட்டக்காரர்களையும் கவனித்து உருவானது. எங்கள் துறையிலும் அது பிரபலம். ஆனால் எங்கள் துறையில் புதுப் பையன் செய்த தப்பைப் பெரும்பாலும் பழைய வெர்ஷனுக்குப் போய்ச் சரிசெய்துவிடலாம். வார்டில் அந்த வசதி இல்லை. இரண்டு வருஷம் கழித்து வரவேண்டிய திறமையை, ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பெண்ணிடம் நாம் இப்போதே கேட்கிறோம்.

மூன்றாவது நாள் ராத்திரி அப்பாவுக்கு லேசாக மூச்சு வாங்கியது. சிஸ்டர் முந்தைய இரண்டு ராத்திரிக் குறிப்புகளையும் புரட்டிப் பார்த்தார். மூச்சின் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்திருந்தது. டாக்டருக்குப் போன் போட்டார், தயங்கித் தயங்கித்தான். டாக்டர் திட்டவில்லை. "நல்லவேளை கூப்பிட்டீங்க" என்றபடி பத்து நிமிஷத்தில் வந்தார்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்தச் சிஸ்டர் டூட்டியில் இல்லை. நன்றி சொல்ல முடியவில்லை. அப்பா மட்டும் இன்றைக்கும் கேட்கிறார்: "அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான் இருக்காளாப்பா?"