நுண்பிளாஸ்டிக்: படுகை நிலங்களிலும் மலைப் பிரதேசங்களிலும்

ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகளுக்கு நுண்பிளாஸ்டிக் என்று பெயர். வீசியெறிந்த பைகளும் புட்டிகளும் வெயிலில் காய்ந்து நொறுங்குவதாலும், டயர்கள் சாலையில் தேய்வதாலும், செயற்கை நூல் துணிகள் சலவையில் இழை உதிர்ப்பதாலும் உண்டாகும் இத்துணுக்குகளை 2004-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் தாம்ப்சன் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கடல் ஆராய்ச்சியின் வாயிலாக உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். அதன் பயனாகக் கடலைப் பற்றியே நெடுங்காலம் பேசப்பட்டு வந்ததால், கடலுக்குப் போகும் வழியில் மண் தன்னிடம் எவ்வளவை நிறுத்திக்கொள்கிறது என்ற கேள்வி பின்தங்கிவிட்டது.

அக்கேள்விக்குக் கிடைத்த விடைகளில் மனத்தை மிகவும் உறுத்துவது சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாய்ரர், பிகால்கே என்னும் இருவர், அந்நாட்டில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற 29 ஆற்றுப்படுகைகளின் மேல்மண்ணை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம்வரை எடுத்துப் பரிசோதித்து, அவற்றுள் 90 சதவீதத்தில் நுண்பிளாஸ்டிக் இருப்பதை 2018-ல் வெளியிட்டனர். காப்பு நிலங்களாகிய இப்படுகைகளின் மேல்மண்ணில் மட்டும் சுமார் 53 டன் கிடக்கலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. நதி கரைபுரண்டு பரவி, வேகம் தணிந்து, சுமந்து வந்த வண்டலைப் படியவிட்டுத் திரும்புவதே படுகையின் ஜீவன். எந்த வெள்ளம் அந்நிலத்துக்கு வளம் கொடுக்கிறதோ, அதே வெள்ளமே மேற்புறத்து ஊர்களின் கழிவையும் கொண்டுவந்து சேர்க்கிறது. நீர்ப்பிடிப்புப் பிரதேசத்தில் ஜனத்தொகை மிகுந்திருந்தால் மண்ணில் துணுக்கும் மிகுந்திருந்தது என்பதில் வியப்பில்லை. ஆனால் மனிதர் குடியில்லாத உயர்ந்த மலைப்பகுதிகளிலும் அவை அகப்பட்டதற்கு வெள்ளத்தைக் காரணம் சொல்ல இயலாது. காற்றையே சொல்ல வேண்டும்.

காற்றின் பங்கு அடுத்து வந்த ஆண்டுகளில் ஐயமறத் தெளிவாயிற்று. பிரான்ஸின் பிரனீஸ் மலையில், பெர்னதூஸ் என்னும் தனித்த ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து மாதம் நடந்த அளவீடு, ஒவ்வொரு நாளும் ஒரு சதுர மீட்டரில் சராசரியாக 365 துணுக்குகள் விழுவதை 2019-ல் காட்டியது. மறு ஆண்டில், ஜானிஸ் பிரானி என்பவரின் தலைமையில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள 11 தேசியப் பூங்காக்களிலும் வனப்பகுதிகளிலும் நடந்த ஆராய்ச்சி, அப்பகுதியின் காப்பு நிலங்களின்மேல் ஆண்டொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மழையோடும் தூசியோடும் இறங்குவதாகக் கணக்கிட்டது. வேலியிட்டு, உழவையும் கட்டடத்தையும் விலக்கி, மிகுந்த சிரத்தையோடு காக்கப்படும் பூமியிலேயே இது நேர்கிறது என்பது வருந்தத்தக்கது.

விழுந்தவை மேற்பரப்பில் நிலையாகத் தங்குவதுமில்லை. மண்புழு அவற்றைத் தன் வளைகளின் வழியே கீழே இழுத்துச் செல்வதையும், அளவு மிகும்போது அதன் வளர்ச்சி குன்றுவதையும் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். பாலியெஸ்டர் இழைகள் மண்கட்டிகளின் அமைப்பையும் மண் நீரைப் பிடித்து வைக்கும் தன்மையையும் மாற்றுவதைப் பெர்லினில் நடந்த பரிசோதனைகள் காட்டின. உயர்ந்த மலைகளில் ஒரு விரற்கடை மண் திரள்வதற்கே நூற்றாண்டுகள் செல்லுமாதலால், அங்கே சிறு மாறுதலும் பெரிதாகவே கருதத்தக்கது.

இத்துணுக்குகளை அளப்பதற்குப் பரிசோதனைச் சாலையில் கையாளும் முறையாவது: மண்ணிலுள்ள மக்கு முதலிய உயிர்ப்பொருள்களை அமிலம் போன்ற மருந்துகளால் கரைத்தழித்து, எஞ்சியதை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, மேலே வந்ததை வடித்தெடுத்து, அகச்சிவப்புக் கதிரால் அடையாளம் காண்பது. ஒரு கிண்ணம் மண்ணிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்கும் இம்முறையை ஒரு படுகை முழுவதையும் தூய்மை செய்வதற்குக் கையாள முடியாது. கையாண்டால், பிளாஸ்டிக் நீங்கியபின் அங்கே மிஞ்சுவது வெறும் மணலும் களிமண்ணுமேயாம்.