மண்ணும் வெள்ளமும்: ஓர் ஆய்வு வரலாறு

வயல் மண்ணைப் பேணினால் ஆற்று வெள்ளம் தணியுமா? கடந்த 90 ஆண்டுகளில் நீரியல் இக்கேள்விக்கு ஒரே விடையைத் தரவில்லை. மழைநீர் எவ்வழியில் ஆற்றை அடைகிறது என்ற புரிதல் மாற மாற, விடையும் மாறியது. அமெரிக்காவில் தொடங்கி பிரிட்டனில் வளர்ந்த அம்மாற்றத்தை ஆராயும் இக்கட்டுரை, வெள்ளத் தடுப்பில் மண் பேணலுக்கு உரிய இடம் தரப்பட வேண்டும் என்றும், அதன் எல்லையும் சேர்த்தே உணரப்பட வேண்டும் என்றும் வாதிடுகிறது.

நீர் வழியும் இரு முறைகள்

மண்ணுக்கு ஓர் உறிஞ்சு திறன் உண்டு. மழையின் வேகம் அதை விஞ்சும்போது மிஞ்சிய நீர் நிலத்தின்மேல் வழிகிறது என்று 1933இல் அமெரிக்க நீரியலாளர் ராபர்ட் ஹார்டன் விளக்கினார். புழுதிப் புயல்கள் அந்நாட்டு உழவர்களை வாட்டிய காலம் அது. 1935இல் ஹியூ ஹம்மண்ட் பென்னட் தலைமையில் மண் பாதுகாப்புத் துறை உருவானது. அடுத்த ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆற்றுப் பணிகளை ராணுவப் பொறியாளர்களிடமும், நீர்ப்பிடிப்பு நிலங்களை வேளாண் துறையிடமும் ஒப்படைத்தது.

1960களில் வட கரோலினாவின் கோவீட்டா காடுகளில் ஆய்ந்த ஹியூலெட்டும் ஹிப்பர்ட்டும் ஹார்டன் சொன்னதற்கு மாறானதைக் கண்டனர். பெய்த மழையைக் காட்டு மண் உள்வாங்கியது; ஆயினும் ஓடை பெருகியது. சரிவின் அடியில் நகர்ந்த நீர் ஓடையோரத் தாழ்நிலத்தை நிறைத்ததே காரணம். நீர் நிறைந்த நிலத்தில் விழும் மழை அப்படியே வழிவதை 1970இல் டன்னும் பிளாக்கும் வெர்மான்ட்டில் அளந்து காட்டினர். மென்மழை பெய்யும் ஈர நாடுகளில் ஹார்டன் சொன்ன வழிவு அரிது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

பிரிட்டனின் வயல்கள்

அக்கருத்தை இறுகிய வயல்கள் மறுத்தன. 2000ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1766 முதலான பதிவுகளிலேயே மிக அதிக மழை கொட்டியது. சுமார் 10,000 வீடுகளும் வணிக இடங்களும் வெள்ளத்தில் சிக்கின. செவர்ன், யார்க்ஷயர் ஊஸ் உள்ளிட்ட 4 வடிநிலங்களில் மண்ணை ஆராய்ந்த ஹோல்மன் குழு, மண் கட்டமைப்பு பரவலாகச் சிதைந்திருந்ததை 2003இல் பதிவுசெய்தது. மக்காச்சோளம், உருளைக்கிழங்கு போலத் தாமதமாக அறுவடையாகும் பயிர்களுக்காக ஈர மண்ணில் கனரக இயந்திரங்கள் இறங்கியது இதற்கு ஒரு காரணம்.

ஒரு மண்கட்டியைத் தோண்டியெடுத்துக் கையால் பிளந்தாலே வேறுபாடு தெரியும். நல்ல மண் பொலபொலவென்று உதிரும். அதில் மண்புழுத் துளைகள் இருக்கும். இறுகிய மண் பாளம் பாளமாகப் பெயரும்; கீழிறங்க முடியாத வேர்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அத்தகைய வயலில் சாதாரண மழையும் வழிந்தோடும்.

வேல்ஸின் பான்ட்பிரென் பகுதியில் ஆடு வளர்ப்போர் இதன் மறுபக்கத்தைக் கண்டனர். மேய்ச்சல் நிலத்தில் வழிந்த நீர், மரவரிசையை எட்டியதும் மண்ணுக்குள் மறைந்தது. 10 பண்ணைகளில் மரங்கள் நடப்பட்டன. உழவர்கள் கண்டதை விஞ்ஞானிகள் அளக்க வந்தனர். மரம் நட்ட பாத்திகளில் நீர் ஊடுருவும் வேகம் மேய்ச்சல் நிலத்தைப் போல் 67 மடங்கு என்றும், மேல்வழிவு சராசரியாக 78% குறைந்தது என்றும் 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆடுகளை விலக்கிவைத்த பாத்திகளிலும் வழிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குளம்படியில் மண் இறுகுவது எவ்வளவு பெரிய காரணம் என்பதற்கு இது சான்று.

எல்லையும் கடமையும்

ஒரு ஹெக்டேர் மண் கூடுதலாக 10 மில்லிமீட்டர் மழையை ஏற்றால், 1 லட்சம் லிட்டர் நீர் உடனே ஓடையில் சேராது. ஆனால் தொடர்மழையில் மண் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்த இடம் கிடைக்காது. அங்கே ஹியூலெட்டின் விளக்கமே பொருந்தும். சிறு வடிநிலங்களில் பலன் தெரிவதையும், பெரிய ஆறுகளின் மிகப்பெரிய வெள்ளங்களுக்குச் சான்று போதாததையும் 2017இல் டாட்சன் குழுவின் மதிப்பீடு தெளிவாக்கியது. அதே ஆண்டு ரெடிங் பல்கலைக்கழகம் தலைமையேற்ற லேண்ட்வைஸ் திட்டம், தேம்ஸ் வடிநில வயல்களில் உழவர்களுடன் இணைந்து இக்கேள்வியை எடுத்துக்கொண்டது.

மண் பேணல் கரைகளுக்கு மாற்று அன்று; துணை. மனிதன் இறுக்கிய மண்ணால் வரும் வழிவை மனிதனே குறைக்க முடியும் என்பதே இந்த வரலாற்றின் பாடம். ஆகவே மூடுபயிருக்கும், ஈர நிலத்தில் இயந்திரம் இறக்காமல் காத்திருப்பதற்கும் உழவர் ஏற்கும் செலவில் ஒரு பங்கை வெள்ளத் தடுப்பு நிதி சுமப்பதே நியாயம். பலன் பெறுவது கீழ்நிலத்து ஊர்களும்தான்.