கொசு கடிக்காமலும் மலேரியா வரும்

மலேரியா என்றதும் கொசுவும், 1897-இல் செகந்தராபாத்தில் அதன் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அதற்கு 13 வருடம் முன்பே, 1884-இல், கெர்ஹார்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் நோயாளியின் ரத்தத்தை இன்னொருவருக்கு ஊசியால் செலுத்தி, காய்ச்சல் தொற்றுவதைக் காட்டிவிட்டார். ரத்தம் ஏற்றியதால் மலேரியா வந்த முதல் சம்பவம் 1911-இல் பதிவானது.

ஒட்டுண்ணி குடியிருப்பதே சிவப்பணுவுக்குள்தான். ரத்த வங்கியின் குளிர்பெட்டியிலும் பல நாள் தாக்குப்பிடிக்கும். ஆபரேஷனுக்குப் பின் வரும் காய்ச்சலைத் தையல் புண் என்று நினைத்து நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

நம் நாட்டில் ரொம்ப காலம் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் இருந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு விற்பவர், போன வாரம் காய்ச்சல் என்று சொல்வாரா? 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, 1998 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது. எய்ட்ஸ் பயம்தான் பெரிய காரணம்; மலேரியாவுக்கும் ஒரு கதவு அடைபட்டது.

இப்போது ஒவ்வொரு பைக்கும் மலேரியா பரிசோதனை கட்டாயம். ஆனாலும் கிருமி மிகக் குறைவாக இருந்தால் சோதனையில் தப்பிவிடலாம். அதனால்தான் படிவத்தில் அத்தனை கேள்விகள். மலேரியா குணமாகி 3 மாதம் கழித்தே ரத்தம் தரலாம்.

வெளியூரில் சொந்தபந்தம் இல்லாத நமக்கு, அவசரமென்றால் ஓடிவருவது ஆபீஸ் நண்பர்களும் தமிழ்ச் சங்கத்துக்காரர்களும்தான். ஓடுங்கள். ஆனால் போன மாதக் காய்ச்சலையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பதில் வேறொருவர் கொடுத்துக்கொள்ளலாம்.