50 நாளில் வெளிநாடாகிப்போன பேங்க் அக்கவுண்ட்

மதுரை சிம்மக்கல்ல, மாவட்ட மைய நூலகத்துக்குப் பக்கத்துலதான் எங்க வீடு. போன வருஷம் அக்காவைப் பார்க்க சிங்கப்பூர் போயிருந்தேன். "நாளைக்கு மேல்படிப்புக்கு வந்தா உதவும், இங்க ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சு வச்சுக்கோடா"ன்னு அக்கா ஒரு பேங்குக்குக் கூட்டிட்டுப் போனா. கவுண்டர்ல இருந்தவர் ரெண்டே கேள்வி கேட்டார். இந்த ஊர்ல உங்க அட்ரஸ் என்ன? என்ன பாஸ்ல இருக்கீங்க? சும்மா சுத்திப் பார்க்க வந்தேன்னதும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

அவர்மேல தப்பில்லை. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கத்துலேருந்து கப்பலேறிப் போனவங்க, பணத்தை எங்க போட்டு வச்சாங்க?

அந்தக் கதை மதுரைக்குக் கிழக்கே, காரைக்குடியில ஆரம்பிக்குது. நகரத்தார் கடைகளோட ஏஜெண்டுகள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் 'மூணு வருஷக் கணக்கு'க்குப் போவாங்க. குடும்பம் ஊர்லயே இருக்கும். கணக்கு முடிஞ்சா திரும்பி வந்துடணும். அதாவது, அவங்களும் ஒருவகையில விசிட்டர்தான். பினாங்குலயும் சிங்கப்பூர்லயும் 'கிட்டங்கி'ன்னு ஒரு நீளமான கூடம். தரையில ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை. அதுதான் ஒரு கடையோட முழு ஆபீஸ். ரங்கூன்ல இந்தத் தொழில் நடந்த இடம் மொகல் தெரு. அங்க பணத்தைக் கட்டி உண்டியல் வாங்கினா, அந்தக் காகிதத்தைக் காட்டி ஊர்ல பணமா வாங்கிக்கலாம். அட்ரஸ் ப்ரூஃப் கிடையாது. நீ எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை? அதுதான் கேஒய்சி.

இந்த நம்பிக்கையைக் கட்டடமும் பாஸ்புக்குமா மாத்தினவர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன்னு மூணு ஊர்ல ஒரே நாள்ல திறக்கப்பட்டது. பேர்லயே 'ஓவர்சீஸ்' இருக்கு, கவனிங்க.

இப்போ தேதியைப் பாருங்க. 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. சரியா 50 நாள். பிப்ரவரியில ரங்கூன்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சவர், உட்கார்ந்த இடத்துலேயே வெளிநாட்டு அக்கவுண்ட்காரர் ஆயிட்டார். அவர் எங்கேயும் நகரவே இல்லை. எல்லைதான் நகர்ந்தது.

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1930-களின் பெருமந்தத்துல நெல் விலை விழுந்ததும் பர்மிய விவசாயிகளால கடனைக் கட்ட முடியல. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930-ல் சுமார் 6 சதவீதமா இருந்த செட்டியார் நிலம், 1937-ல் 25 சதவீதம் ஆச்சு. நமக்கு 'நம்பிக்கை'யா தெரிஞ்சது, நிலத்தை இழந்தவருக்கு வேற மாதிரிதானே தெரிஞ்சிருக்கும்? அந்தக் கோபம் உள்ளுக்குள்ள கனன்றுகிட்டே இருந்தது.

1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. 1963 பிப்ரவரியில தனியார், வெளிநாட்டு வங்கிகள் எல்லாமே அரசுடைமை. பழைய பெயர்ப் பலகை போய், 'மக்கள் வங்கி'ன்னு நம்பர் போட்ட பலகை வந்தது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. அந்த வருஷங்கள்ல லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேறித் திரும்பினாங்க. சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவங்களுக்காக உருவானதுதான்.

இந்தியாவும் கதவை இறுக்கித்தான் வச்சிருந்தது. 1947, 1973 அந்நியச் செலாவணிச் சட்டங்கள் இருந்தவரை, இங்க வசிக்கிறவர் வெளிநாட்டுல அக்கவுண்ட் வைக்க ரிசர்வ் வங்கியோட அனுமதி வேணும். 2004-ல்தான் தளர்த்தினாங்க. அப்போ வருஷத்துக்கு 25,000 டாலர் அனுப்பலாம், இப்போ 2,50,000 டாலர். அந்தப் பணத்தை வெளிநாட்டுல நம்ம பேர்லயே அக்கவுண்ட் ஆரம்பிச்சும் போடலாம்.

ஆக, நம்ம பக்கத்துக் கதவு திறந்தாச்சு. அந்தப் பக்கம் மட்டும் அதே பழைய கேள்வி நிக்குது: இந்த ஊர்ல உன்னை யாருக்குத் தெரியும்? அன்னைக்கு அதுக்கு ஒரு கோயில் பேரைச் சொன்னா போதும். இன்னைக்கு ஒரு விசா வேணும். ஆனா ரெண்டுல எதுவுமே நிரந்தரம் இல்லைன்னு ரங்கூன்லேருந்து வந்தவங்களுக்குத் தெரியும்.

உங்க வீட்டுப் பரண்ல தாத்தாவோட பழைய பர்மா பாஸ்புக், உண்டியல் ஏதாவது கிடக்குதா? தூக்கிப் போட்டுடாதீங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட அதைக் காட்டிக் கதை கேளுங்க, ரெக்கார்டும் பண்ணி வைங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.