ஊர்த் தேர்தல் செலவு யார் கணக்கில்?

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தாலே பட்டணத்துச் சொந்தக்காரங்க ஒரு கேள்வி கேட்பாங்க. "ஒரு வார்டு மெம்பருக்குப் போய் இவ்வளவு செலவா? ஊர் கூடி ஒருத்தரை நிறுத்திட்டா ஆகாதா?" கேள்வி நியாயமாத்தான் தெரியும். கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம்.

செலவே இல்லாத தேர்தல்னா எல்லாரும் உத்திரமேரூரைத்தான் காட்டுவாங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டினவை. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, பேர் எழுதின ஓலையைக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. ஓலையும் குடமும்தான் செலவு. கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது என்ற விதி இன்னைக்கும் மெச்சத் தக்கது. ஆனா ஓலையில் பேர் வர வரி கட்டும் கால்வேலி நிலம் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், வேதம் படிச்சிருக்கணும், வயசு 35-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கணும். களையெடுக்கிற பொம்பளைக்கோ ஏர் ஓட்டின கூலிக்காரனுக்கோ அங்கே இடமில்லை. ஆள் கம்மி, அதனால செலவும் கம்மி.

இப்போ 18 வயசானா எல்லாருக்கும் ஓட்டு. 1994-ல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி மாநிலத் தேர்தல் ஆணையம்தான் இதை நடத்துது. ஒரு சின்னப் பஞ்சாயத்து தன் வீட்டு வரியையும் தண்ணி வரியையும் வச்சு இந்தப் பாரத்தைச் சுமக்க முடியாது. பெருஞ்செலவு அரசாங்கப் பணம். அதனால பல வேலைகளை ஒண்ணாச் சேர்த்துச் சிக்கனம் பண்றாங்க. சட்டமன்ற வாக்காளர் பட்டியலையே எடுத்துக்கறாங்க. பள்ளிக்கூடமே வாக்குச்சாவடி, வாத்தியார்களே தேர்தல் அலுவலர்கள். வார்டு மெம்பர், தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் ஆகிய நாலு பதவிக்கும் ஒரே நாள், ஒரே சாவடி, நாலு நிறச் சீட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். தனித்தனியா வச்சா நாலு மடங்கு ஆகியிருக்கும்.

நிற்கிறவங்களுக்கும் வரம்பு உண்டு. 2019-ல் வார்டு மெம்பர் 9,000 ரூபாய், தலைவர் 34,000 ரூபாய் வரை செலவு செய்யலாம்னு வச்சிருந்தாங்க. டெபாசிட் மெம்பருக்கு 200, தலைவருக்கு 600, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. கூலி வேலை பார்க்கிறவரும் நிற்கட்டும்னுதான் இந்தத் தொகை.

இதையெல்லாம் மிச்சம் பிடிக்கிறோம்னு சொல்லித்தான் சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விடறாங்க. கோயிலுக்கு இத்தனை லட்சம் தர்றவருக்குப் பதவி, மத்தவங்க மனு போடக்கூடாது. தேர்தல் செலவு மிச்சம், சண்டையும் இல்லைம்பாங்க. சட்டப்படி குற்றம். ஏலத்தில் கை தூக்க முடியாதவனுக்கு ஓட்டும் போச்சு, நிற்கிற உரிமையும் போச்சு. உத்திரமேரூர்ல நிலம் கேட்டாங்க, இங்கே ரொக்கம் கேக்கறாங்க.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் ஊராட்சிகளை நினைச்சுப் பாருங்க. 1996-ல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் பத்து வருஷம் அங்கே தேர்தலை நடக்க விடலை. திரும்பத் திரும்ப அறிவிப்பு வந்தது, ஜெயிச்சவரும் உடனே ராஜினாமா செய்தார். 2006 அக்டோபர்லதான் தலைவர்கள் பதவியில் உட்கார முடிஞ்சது. அத்தனை முறை செலவழிச்சது வீண்னு யாராவது சொல்ல முடியுமா?

செலவு அரசாங்கத்தோடதுன்னா தேதி குறிக்கிறதும் அங்கேதான். 1970-க்குப் பிறகு 1986-லதான் பஞ்சாயத்துத் தேர்தல். அடுத்தது 1996. 2016 அக்டோபர்ல வைக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் ஒதுக்கீடு சரியில்லைன்னு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது. மிச்ச ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். இடையில் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லைன்னு 14-ஆவது நிதிக்குழு மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. குடிதண்ணிக்கும் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் வரவேண்டிய பணம் அது.

2019-ல் தேர்ந்தெடுத்தவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிஞ்சு, மறுபடி தனி அலுவலர் வந்தாங்க. மெம்பர் இருந்தா குழாயில் தண்ணி வரலைன்னு அவர் வீட்டுத் திண்ணையில போய் உட்கார்ந்து கேட்கலாம். இல்லாட்டி பஸ் ஏறி ஒன்றிய அலுவலகம் போகணும். அந்தப் பஸ் காசையும், அன்னைக்குப் போன கூலியையும் கணக்கில் எழுதிட்டு, தேர்தலுக்கு எவ்வளவு செலவுன்னு அப்புறம் பேசலாம்.