கமியோகா சுரங்கமும் போடி மலையும்

விடியற்காலையில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. தோட்ட வேலைக்குப் போகிறவர், கணக்குப்பிள்ளை, ஏலக்காய் வியாபாரி என்று எல்லோருக்கும் மலைதான் சோறு போடுகிறது. அதே மலைத்தொடரில், போடிக்குப் பக்கத்தில் பொட்டிப்புரம் ஊராட்சியில் அம்பரப்பர் மலை இருக்கிறது. அதைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்டப்போகிறோம் என்று விஞ்ஞானிகள் வந்தபோது ஊரே பயந்துபோனது. இந்தக் கதையைப் புரிந்துகொள்ள ஜப்பான் வரை போய்வர வேண்டும். என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறையவே இருக்கிறது!

முதலில் நியூட்ரினோ என்றால் என்ன? மின்சுமை இல்லாத, எடை இருக்கிறதா என்றே சந்தேகப்படும் அளவுக்கு லேசான ஒரு துகள். சூரியனிலிருந்து மட்டும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் பாய்கின்றன. உங்கள் விரல் நகம் வழியாகவும் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. எதையும் தொடாமல் போவதால்தான் அதைப் பிடிப்பது கஷ்டம். விண்வெளியிலிருந்து கொட்டும் மற்ற கதிர்களின் இரைச்சலை வடிகட்ட தலைக்கு மேலே ஒரு மலையே வேண்டும். பாறைதான் சல்லடை. விஞ்ஞானிகள் சுரங்கம் தேடி அலைவது இதற்காகத்தான்.

இந்த விஷயத்தில் இந்தியா ஒரு காலத்தில் முன்வரிசையில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. கர்நாடகத்தின் கோலார் தங்க வயலில், தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965ல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் பதிவானது. ஏறக்குறைய அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் கண்டது. உலகத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. கோலாரில் வேலை செய்தது மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு. எம்.ஜி.கே. மேனனும் சபுரோ மியாகேயும் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். எண்பதுகளிலும் இந்த இந்திய ஜப்பான் கூட்டு தொடர்ந்தது. பிறகு தங்கம் எடுப்பது கட்டுப்படியாகவில்லை, ஆழமான பகுதிகள் மூடப்பட்டன, ஆய்வும் நின்றது. 2001ல் சுரங்கமே மூடப்பட்டது.

ஜப்பானில் என்ன நடந்தது என்று பாருங்கள். கிஃபு மாகாணத்தில் கமியோகா என்று ஒரு துத்தநாகச் சுரங்கம். அதில் 1,000 மீட்டர் ஆழத்தில் 3,000 டன் தண்ணீர்த் தொட்டி ஒன்றை 1983ல் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மசாதோஷி கோஷிபா கட்டினார். தண்ணீரில் நியூட்ரினோ மோதினால் மிக மங்கலான ஒளி எழும். அதைப் பார்க்க 20 அங்குல விட்டமுள்ள ராட்சச ஒளிக்குழாய்கள் தேவைப்பட்டன. அந்த அளவில் உலகில் யாருமே செய்ததில்லை. ஹமாமட்சு என்ற கம்பெனியின் தலைவர் தெருவோ ஹிருமாவைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் பேசி சம்மதிக்க வைத்தார் கோஷிபா. ஹிருமாவைவிட அவர் ஒரே ஒரு நாள் மூத்தவர், அதையும் பேரத்தில் பயன்படுத்திக்கொண்டார் என்று சொல்வார்கள்! விலையையும் அடிமாட்டு விலைக்குக் குறைத்துவிட்டார், கம்பெனிக்கு அந்த ஆர்டரில் நஷ்டமாம். வணிகவியல் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு ஆர்டரில் நஷ்டப்பட்ட அந்தக் கம்பெனிதான் இன்று உலகத்தின் ஒளிக்குழாய் சந்தையில் முதலிடத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் பெட் ஸ்கேன் கருவிகளுக்குள்ளும் அவர்கள் குழாய்கள் இருக்கின்றன.

1987 பிப்ரவரி 23 அன்று பக்கத்து விண்மீன் கூட்டத்தில் வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோக்களில் 11 அந்தத் தொட்டியில் சிக்கின. அடுத்த மாதம் கோஷிபாவுக்கு ஓய்வு. அதிர்ஷ்டம் என்றார்கள். தொட்டி தயாராக இல்லாமல் இருந்திருந்தால் அதிர்ஷ்டம் வந்து என்ன பயன்? 2002ல் நோபல் பரிசு வந்தது. அதற்குள் 50,000 டன் தண்ணீரோடு சூப்பர் கமியோகாண்டே 1996ல் ஓட ஆரம்பித்திருந்தது. நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்பதை 1998ல் அது காட்டியது. 2001 நவம்பரில் ஒரு குழாய் உடைந்து, அந்த அதிர்ச்சியில் பக்கத்துக் குழாய், அதன் பக்கத்துக் குழாய் என்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை நொறுங்கின. மிச்சமிருந்தவற்றை மாற்றி அடுக்கி ஒரு வருடத்தில் மறுபடி ஓட்டினார்கள். 2015ல் தகாகி கஜிதாவுக்கு நோபல்.

ஜப்பான் விஞ்ஞானத்தைப் புகழும் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். ஆனால் கமியோகாவுக்கு இன்னொரு முகம் உண்டு, போடிக்காரர்களுக்கு அதுதான் முக்கியம்.

அந்தச் சுரங்கத்தின் காட்மியக் கழிவு பல பத்தாண்டுகளாக ஜின்சு ஆற்றில் கலந்தது. கீழே தொயாமா பகுதியில் அந்தத் தண்ணீரைத்தான் நெல்வயலுக்குப் பாய்ச்சினார்கள், குடித்தார்கள். எலும்புகள் மெலிந்து, இருமினாலே விலா எலும்பு முறியும் நோய் வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் அதிகம் பேர் பிள்ளை பெற்ற நடுத்தர வயதுப் பெண்கள். "இதாய் இதாய்" என்று கதறுவார்களாம், "வலிக்குது வலிக்குது" என்று அர்த்தம். நோய்க்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. நொபோரு ஹகினோ என்ற உள்ளூர் டாக்டர் காரணம் சுரங்கம்தான் என்று சொன்னபோது அவரைப் பலர் ஏற்கவில்லை. 1968ல்தான் அரசு ஒப்புக்கொண்டது. மக்கள் மிட்சுயி சுரங்கக் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். 1971ல் தீர்ப்பு, 1972ல் மேல்முறையீட்டிலும் வெற்றி.

பணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த நிபுணர்களோடு எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சோதிக்கலாம், செலவு கம்பெனியுடையது. வருடாவருடம் போனார்கள். கெட்டுப்போன வயல்மண்ணை மாற்றும் வேலை 2012 வரை நடந்தது. இந்த ஒப்பந்தம் வந்து பதினோரு வருடம் கழித்துத்தான் கோஷிபாவின் தொட்டி அங்கே வந்தது.

இப்போது பொட்டிப்புரத்துக்கு வருவோம். இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகம் பக்கத்தில் என்பதால் 2009ல் அது மறுக்கப்பட்டது. பிறகு போடி மேற்கு மலை. உறுதியான சார்னகைட் பாறை, மழை குறைந்த பக்கம், மதுரையிலிருந்து போகவர வசதி. சுமார் 2 கிலோமீட்டர் நீள சுரங்கப்பாதை, அதன் முடிவில் 50,000 டன் காந்த இரும்பு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அடுத்த சில மாதங்களிலேயே மதுரை உயர்நீதிமன்றக் கிளை தடை போட்டது.

ஊரில் பேசப்பட்ட பயங்கள் பலவகை. நியூட்ரினோ கதிர்வீச்சு வரும் என்றார்கள். அது சரியல்ல, ஆய்வகம் இல்லாவிட்டாலும் அவை நம்மைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. அணுக்கழிவைக் கொட்டப்போகிறார்கள் என்றார்கள். திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் வெடிவைத்தால் பாறையும் ஊற்றும் என்ன ஆகும், லட்சக்கணக்கான டன் கல்லை எங்கே கொட்டுவார்கள், மேய்ச்சல் நிலத்தில் வேலி போட்டால் ஆடு மாடு எங்கே போகும் என்பதெல்லாம் விவரம் தெரிந்த கேள்விகள். இவற்றையும் முதல் வகைப் பயத்தோடு சேர்த்து "அறியாமை" என்று ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் பெரிய தப்பு. கேரள எல்லையும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவும் ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சுட்டிக்காட்டித்தான் 2017ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது.

போடிப் பக்கத்து மக்கள் புதிய தொழில்நுட்பத்துக்கு எதிரிகள் என்றும் சொல்லமுடியாது. கூவிக் கூவி நடந்த ஏலக்காய் ஏலம் 2007ல் கம்ப்யூட்டருக்கு மாறியபோது வியாபாரிகள் பொத்தானை அழுத்தப் பழகிக்கொண்டார்கள். விலை எப்படி ஏறுகிறது என்பது அங்கே எல்லோர் கண் முன்னாலும் திரையில் தெரிந்தது. மலைக்குள் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கும் உரிமையை யாராவது பொட்டிப்புரத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தால், ஜின்சு ஆற்றுக்காரர்களுக்குக் கிடைத்ததுபோல, கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

2018ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுபடி அனுமதி தந்தது, வனவிலங்கு வாரிய அனுமதியும் வேண்டும் என்றது தீர்ப்பாயம். 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, புலிகள் நடமாடும் வழி அது, திட்டம் வேண்டாம் என்று உச்சநீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. இதற்கிடையில் சீனாவின் ஜூனோ ஆய்வகம் ஏறக்குறைய இதே கேள்விக்கு விடை தேடி 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. ஜப்பான் அதே கமியோகா வட்டாரத்தில் ஹைப்பர் கமியோகாண்டேவைக் கட்டிக்கொண்டிருக்கிறது. 50,000 டன் கருவிக்கு முன்மாதிரியாக 85 டன்னில் ஒரு குட்டிக் கருவியை மதுரையில் செய்து ஓட்டினார்கள். அம்பரப்பர் மலையில் ஒரு அடி சுரங்கம்கூட வெட்டப்படவில்லை.