கயிறு இல்லாமல் குதிரை பழக்கிய கதை

"அடியாத மாடு படியாது" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. குதிரை விஷயத்தில் உலகின் பல பகுதிகளில் வெகுகாலம் இதைத்தான் நம்பினார்கள். இளங்குதிரையைக் கட்டிப் போடு, துள்ளத் துள்ள ஏறி உட்கார், சோர்ந்து அடங்கும்வரை விடாதே! ஆங்கிலத்தில் இந்த வேலைக்குப் பெயரே "உடைத்தல்".

இதற்கு நேர்மாறான வழி ஒன்றும் உண்டு. ஆள் குதிரை மேல் ஏறுவதற்கு முன்பே, தரையில் நின்றபடி, கயிறோ கடிவாளமோ இல்லாமல் உடம்பின் அசைவால் மட்டும் அதைப் பழக்குவது. ஏதோ நவீன கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். இதன் வேர் மிகப் பழையது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் செனபோன். சாக்ரடீஸின் மாணவர், படைத்தலைவர். குதிரையேற்றம் பற்றித் தனி நூலே எழுதினார். குட்டிக்குப் பசி தீர்வதும் தொல்லை நீங்குவதும் மனிதனால்தான் என்று புரிய வேண்டும், கோபத்தோடு குதிரையை நெருங்கவே கூடாது என்பது அவர் கருத்து. ஆனாலும் உலகம் சாட்டையைக் கீழே போடவில்லை.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1858ல் விண்ட்சரில் விக்டோரியா மகாராணி முன்னால் ஒரு அமெரிக்கர் குதிரை பழக்கிக் காட்டினார். ஒஹையோ மாநிலத்து ஜான் ராரி. யாரும் கிட்டே போக முடியாத 'குரூஸர்' என்ற முரட்டுப் பொலிகுதிரையைச் சில மணி நேரத்தில் அடக்கி லண்டனையே அசத்தினார். ஆளுக்கு 10 கினி வாங்கிக்கொண்டு, ரகசியம் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கற்றுக்கொடுத்தார். நல்ல வியாபாரம்தான்!

அந்த ரகசியம் என்ன? முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டுவார். குதிரை தடுமாறிக் களைத்துப் படுத்துவிடும். பிறகு உடம்பெல்லாம் தடவிக்கொடுத்து, அன்பாகப் பேசி பயம் போக்குவார். அடி இல்லை, உண்மைதான். ஆனால் கட்டு இருந்தது.

131 வருடம் கழித்து, 1989ல், அதே விண்ட்சரில் இன்னொரு அமெரிக்கர். கலிஃபோர்னியாவின் மான்டி ராபர்ட்ஸ். இந்த முறை பார்த்தவர் இரண்டாம் எலிசபெத் மகாராணி. வட்டமான வேலிக்குள் பழகாத குதிரையை அவிழ்த்து விட்டார். தோளை நேராக நிமிர்த்தி அதன் கண்ணைப் பார்த்தார். அது மிரண்டு சுற்றிச் சுற்றி ஓடியது. ஓட ஓட அவர் பார்த்துக்கொண்டிருந்தது சில அடையாளங்களை. உள்பக்கக் காது அவர் பக்கம் திரும்ப வேண்டும், நாக்கால் நக்கி வாயை மெல்ல வேண்டும், தலை தரையை நோக்கித் தாழ வேண்டும். இவை வந்ததும் பார்வையைத் தாழ்த்தி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். குதிரை தானாக நடந்து வந்து அவர் தோளருகே நின்றது. அன்றே அதன் மேல் சேணமும் ஏறியது, ஆளும் ஏறினார்!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. குதிரை கூட்டமாக வாழும், ஆபத்து என்றால் ஓடித் தப்பிக்கும் பிராணி. பக்கத்தில் நிற்பவரின் சின்ன அசைவுகூட அதற்குச் செய்திதான். இதற்கு நல்ல சாட்சி ஜெர்மனியின் 'ஹான்ஸ்'. கணக்குப் போடும் குதிரை என்று பேர் வாங்கியது. விடை எத்தனையோ அத்தனை முறை காலைத் தட்டும். 1907ல் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் குட்டை உடைத்தார். சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை அவருக்கே தெரியாமல் துளி அசைந்தது. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் நிறுத்தியது. கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸும் ஃபெயில்!

அப்படியானால் ராபர்ட்ஸ் பேசியது குதிரையின் பாஷையா? காட்டுக்குதிரைகளைக் கவனித்துக் கற்ற பாஷை என்றுதான் அவர் சொன்னார். 2012ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வேலிக்குள் ஆளுக்குப் பதிலாக ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்! துரத்தும், குதிரை தன் பக்கம் திரும்பினால் நின்றுவிடும். குதிரைகள் அந்தக் காரையும் நெருங்கி வரக் கற்றுக்கொண்டன. காருக்கு ஏது தோள், ஏது கண்? ஆக, குதிரை கற்றது நட்பை என்பதைவிட, "இப்படிச் செய்தால் தொல்லை நிற்கும்" என்பதையே.

இதனால் முறையே பொய் என்று ஆகிவிடாது. காலைக் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் கயிறு போனதே தவிர, வேலி போகவில்லை. பயந்து ஓடும் குட்டிக்கு அந்த வட்டத்தைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. அதனால் எல்லாமே நடுவில் நிற்பவரின் கையில்தான். காது திரும்பிய நொடியில் துரத்துவதை நிறுத்தினால் அது பாடம். அதைக் கவனிக்காமல் இன்னும் நாலு சுற்று ஓட வைத்தால், சாட்டையே இல்லாத அடி.

தொல்லை நீங்குவது மனிதனால் என்று குட்டிக்குப் புரிய வேண்டும் என்றார் செனபோன். அந்தத் தொல்லையைக் கொடுப்பதும் மனிதனாக இருக்கும்போது, எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருப்பதுதான் குதிரை பழக்குபவரின் முதல் தகுதி.